நைஸ் கேர்ள்

"என் பொண்ணை முட்டாள்னு எழுதியிருக்கீங்க. எழுதினது யாருன்னு எனக்குத் தெரியணும்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வந்தவர் நீட்டிய கைபேசியில், பள்ளியின் கணினிப் பட்டியலில் பேர் உள்ள எல்லோருடைய வீட்டுக்கும் முந்தின நாள் போன அரையாண்டு நடத்தைக் குறிப்பு. மகளின் பெயர், ஏழாம் வகுப்பு பி பிரிவு, கீழே ஆங்கிலத்தில் இரண்டே சொல்: 'நைஸ் கேர்ள்'.

வந்தவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அங்கே அவருக்கு 'அகராதி' என்று பேர். தன் மொழியறிவுக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வைத்தவர்கள் நினைத்தது வேறு. ஆங்கிலப் பெயரடைகளின் பூர்வீகம் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன் என்று ஒன்பது வருஷமாக, வேலை விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். சாப்பாடுகூட உள்ளேதான் போகும்.

"நல்ல பொண்ணுன்னுதானே சார் அர்த்தம்?" என்றார் தலைமையாசிரியை.

அது போதாதா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார் அகராதி. லத்தீனில் அந்தச் சொல்லின் மூலத்துக்கு 'ஒன்றும் அறியாத' என்று பொருளாம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'முட்டாள்' ஆயிற்றாம். பிறகு 'கூச்சமுள்ள', 'நுணுக்கமான' என்று ஊர் ஊராகச் சுற்றி, 'நல்ல' என்று வேஷம் கட்டி இருநூற்றைம்பது வருஷம்தான் ஆகிறதாம்.

"தமிழ்ல மட்டும் என்ன வாழுது? நைஸா நழுவினான்னா திருட்டுத்தனம். நைஸா பேசினான்னா காக்கா பிடிக்கிறான். இதையா எம்பொண்ணுக்கு எழுதுவீங்க?"

வகுப்பாசிரியையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்; நிரந்தரம் செய்யும் உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லை. சாக்பீஸ் தூசு படிந்த கையோடு வந்தவள், விஷயத்தைக் கேட்டு அழாத குறையாக நின்றாள்.

"தப்பா எழுதலை சார். ரொம்ப அமைதியான பொண்ணு. மூணாவது பெஞ்சு, ஜன்னலோரம். இருக்கிற இடமே தெரியாது."

"அது எங்க வளர்ப்பு," என்றார் அகராதி, கொஞ்சம் இளகி. "வீட்டிலயும் அப்படித்தான். அவ சத்தத்தை நான் கேட்டதே இல்லை."

இளகினாலும் விடவில்லை. பொருத்தமான வேறு ஆறு பெயரடைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது பிறந்த நூற்றாண்டையும் குறித்துக் கொடுத்தார். எழுத்தில் மன்னிப்பு வேண்டும், அதிலும் பிழை இருக்கக் கூடாது என்றார்.

தலைமையாசிரியைக்கு ஆளை வெளியே அனுப்பினால் போதும் என்றாகிவிட்டது. பெண்ணையே வரவழைத்து அவள் முன்னால் டீச்சர் மன்னிப்புக் கேட்டுவிடட்டும் என்று சொல்லி, பெயரை ஒரு சீட்டில் எழுதி ஆயாவிடம் கொடுத்தார். எதற்கு சார் குழந்தையைத் தொந்தரவு செய்துகொண்டு என்று ஆசிரியை இழுத்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆயா தனியாகத் திரும்பி வந்தாள். "அப்படி யாரும் கிளாஸ்ல இல்லைங்களாம்."

அகராதி எழுந்துவிட்டார். காலையில் பள்ளிக்குப் புறப்பட்ட குழந்தை. மனைவிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினார்.

"நான் ஸ்கூல்ல இருக்கேன். பொண்ணைக் காணோம். கிளாஸ்லயே இல்லைங்கறாங்க."

"எந்த ஸ்கூல்லங்க இருக்கீங்க?"

சொன்னார்.

"ஏங்க, அவளை அங்கேருந்து வேற ஸ்கூலுக்கு மாத்தி ஒரு வருஷம் ஆச்சு. டி.சி. கேட்டு எழுதின லெட்டர்ல கையெழுத்துப் போட்டதே நீங்கதான். ரெண்டு எழுத்துப்பிழை இருக்குன்னு திருத்திக்கூடக் குடுத்தீங்க."