கட்டிலுக்கு அடியில் சிவப்புப் பை

என்றோ வெளியிலிருந்து வைரஸாக வந்து, பழ ஈக்குள்ளேயே குடியேறிவிட்ட மரபணுத் துண்டு அது. ஈயின் உடலுக்குள் தங்கி வாழ அதற்கு இரண்டு மரபணுக்கள் போதும். மூன்றாவது, வெளியேறும்போது போர்த்திக்கொள்ள ஓர் உறையைச் செய்வது. “இனி அது எதுக்கு? பழைய காலத்து மிச்சம், எப்பவோ செத்துப்போச்சு” என்றுதான் சுகிர்தா வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் ஆய்வு மாணவி ஹசீனா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“மேடம், அது சாகல. அந்த உறையை இன்னும் செஞ்சுக்கிட்டேதான் இருக்கு. எப்ப வேணாலும் கெளம்பிரும்.”

சுகிர்தா வீட்டுக்கு வந்தாள். நேரே போய் மகளின் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். கனிஷ்காவை ஐந்து வயதில் காப்பகத்திலிருந்து அழைத்து வந்தபோது அவள் கையில் இருந்த சிவப்புப் பை, ஆறு வருடமாக அங்கேதான் கிடந்தது. பழசுதானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சுகிர்தா அதைத் தொட்டதே இல்லை. இப்போது ஜிப்பைத் திறந்தாள். அன்று அவள் கொண்டுவந்த சின்னக் கவுன் உள்ளே இல்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொடுத்த சுடிதார் இருந்தது. பிரிக்காத பல் பிரஷ் ஒன்று இருந்தது.

“கலைச்சிராதீங்கம்மா” என்றபடி கனிஷ்கா வாசலில் நின்றாள். “வருஷா வருஷம் அளவு பாத்து மாத்தி வெச்சிருவேன். நீங்க திருப்பி அனுப்புறப்போ தேடிக்கிட்டு நிக்க முடியாதுல்ல?”

சுகிர்தா கையிலிருந்த சுடிதாரைப் பார்த்தாள். கைகளை உள்ளே வைத்து, கசங்காமல் மூன்றாக மடித்திருந்தது, தான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.