சாட்சி சொன்ன மத்தியானம்

அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதும் குழுவில் கொட்டாவி ஐயா மறுபடியும் தூங்கிவிட்டார்.

அவர் ஓய்வு பெற்ற நீதிபதி. சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டாவி விடுவார் என்பதால் அந்தப் பெயர். இதுவரை கொட்டாவியோடு நின்றது. இந்த வாரம் குறட்டையும் சேர்ந்துகொண்டது.

குழுச் செயலாளரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவரிடம் முறையிட்டும் பார்த்தார். வயதானவர், விட்டுவிடுங்கள் என்று தலைவர் நழுவிவிட்டார்.

விட்டுவிடக்கூடிய விஷயமா அது? வதைக்கிற நாட்டுக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று புதிதாக ஒரு பிரிவு சேர இருந்தது. வெளியுறவுத் துறை அதிகாரி குறுக்கே நின்றார். பக்கத்து நாட்டோடு இப்போதுதான் உறவு துளிர்க்கிறதாம். அங்கே வதை நடக்கிறது என்று, வதைபட்டவர் யாராவது நேரில் வந்து சொன்னாலொழிய, அந்தப் பிரிவை எடுத்துவிட வேண்டுமாம்.

பட்டவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லை தாண்டி வந்த தையல்காரி. அவளுடைய தம்பி இங்கே அகதிகள் முகாமில் இருந்தான். பிரிவு வராவிட்டால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. முந்தாநாளும் அப்படித்தான், நேற்றும் அப்படித்தான். நீள மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை நிமிர்ந்து பார்ப்பாள். தலையைக் குனிந்துகொள்வாள். செயலாளரம்மா தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார், கெஞ்சியும் பார்த்தார். இன்றுதான் கடைசி நாள்.

வெளியே வெயில் சோம்பிக் கிடந்தது. ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பி அடங்கியது. மின்விசிறியின் முனகலில் அறையே பாதிக் கனவில் மிதந்தது. அந்த அமைதியில் ஐயாவின் குறட்டை ஏறி இறங்கியது.

இங்கே ஓர் உயிர் ஊசலாடுகிறது, இந்த மனுஷனுக்குத் தலையணை ஒன்றுதான் குறைச்சல் என்று பொருமிக்கொண்டே செயலாளரம்மா எழுந்தார். ஐயாவின் தோளை உலுக்கக் கையை நீட்டினார்.

"எழுப்பாதீங்கம்மா."

சொன்னவள் தையல்காரி. இங்கே வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நாற்காலியை ஐயாவின் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தூங்கும் அந்த முகத்தை மட்டும் பார்த்தாள். கண்ட கனவைச் சொல்வதுபோல் மெல்ல ஆரம்பித்தாள்.

"அங்கேயும் இப்படித்தான் மேசை போட்டு வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தன் அடிப்பான். மத்தவங்க பார்த்துக்கிட்டே இருப்பாங்க. அடி பட்டதெல்லாம் ஆறிடுச்சுங்க. அந்தக் கண்ணுங்கதான் இன்னும் என்னை விடல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல் இல்லாத அந்த அறையை, ஈரத் தரையை, தம்பியை அவள் கண்ணெதிரே என்ன செய்தார்கள் என்பதை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தலை கவிழ்ந்தார்கள். வெளியுறவு அதிகாரி எழுதுவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் ஐயாவின் குறட்டை தடுமாறியது. பிறகு மறுபடி பிடித்துக்கொண்டது.

சொல்லி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காலைச் சாய்த்துச் சாய்த்து வாசலை நோக்கி நடந்தாள்.

பிரிவு இருக்கட்டும் என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் தலைவர், தாழ்ந்த குரலில்.

முதலில் உயர்ந்தது கொட்டாவி ஐயாவின் கை. கண்கள் மூடியபடியே இருந்தன. மற்றக் கைகளும் பின்னாலேயே எழுந்தன.

செயலாளரம்மா ஐயாவிடம் விரைந்தார். அவர் காதருகே குனிந்து, "ஐயா, முழிச்சுக்கிட்டா இருக்கீங்க?" என்றார்.

"மெதுவாப் பேசும்மா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "அந்தப் பொண்ணு இன்னும் வாசலைத் தாண்டல."