பதினோரு வினாடி

எரிகல் என்ற ராக் இசைக்குழு ரசிகர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கலைந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதில் தொண்டை கிழியப் பாடிய ரூபன், இப்போது வெள்ளைக் கோட்டில் பெனிட்டாவின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தான். வலி நிஜம்தான், ஆனால் நாலு ஊர் தாண்டி வந்தது அவனுக்காக. ஸ்பீக்கரில் புல்லாங்குழல் வழிந்தது.

அவள் பையில் குத்தியிருந்த எரிகல் பேட்ஜைப் பார்த்துவிட்டான். "அட, நம்ம பாட்டெல்லாம் கேப்பீங்களா? எது ரொம்பப் புடிக்கும்?"

வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டுக் கேட்கிற கேள்வி. 'சுடுகாட்டு ரயில்', 'சாம்பல் மழை', எல்லாவற்றுக்கும் மேலே 'கொல்லுலை' என்று மனதுக்குள் அடுக்கினாள். 'கொல்லுலை' முடியும்போது அவன் பதினோரு வினாடி அலறுவான். அப்பா செத்த வருடம் அவளுக்கு அழுகையே வரவில்லை. அந்த அலறலைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"அதெல்லாம் சும்மா கத்தினது, மேடம். வயசுக் கோளாறு. இப்ப கேட்டா எனக்கே சிரிப்பு வருது" என்றபடி பஞ்சை அழுத்த விரலை விட்டான்.

பெனிட்டா கடித்தாள்.

ரூபன் அலறினான். அதே குரல், துளிகூடத் துருப்பிடிக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். ஏழில் குரல் தளர்ந்தது.

இன்னும் அழுத்திக் கடித்தாள்.