படிக்கட்டுப் பெட்டி

“அவன் கூப்பிட்டா எடுப்பேன். நானா கூப்பிட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன் பாப்பா!”

மாடியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரு நோட்டீஸை வடிவமைத்துக்கொண்டிருந்த பெரியண்ணன், தங்கை மேசைமேல் வைத்த டெலிபோனை, பூனை கவ்விவந்து போட்ட எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நீ கூப்பிடவே வேணாம்ண்ணா. மணி அடிச்சா எடு, போதும்.”

கீழே அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு டெலிபோன். மை படிந்த கைகளைத் துடைத்தபடி சின்னண்ணனும் முறுக்கிக்கொண்டார். “அவரு கூப்பிடட்டும், மரியாதையா பேசறேன். நான் முதல்ல கூப்பிட்டா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு!”

ஒரே அச்சகம். நடுவே பதினேழு படிகள். எட்டு மாதமாகப் பேச்சில்லை. எல்லாம் துண்டுச் சீட்டில்தான். போன வாரம் சீட்டு மாறிப்போய், பல் டாக்டரின் கார்டில் ‘பஞ்சர் ஒட்டப்படும்’ என்று அச்சாகிவிட்டது. நாளை இயந்திரத்தை வாங்க ஓர் ஆள் வருகிறார். அவர் சரி என்றுவிட்டால், அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொடங்கிய அச்சகம் அத்தோடு சரி.

தங்கை, டெலிபோன் கருவிகள் செய்யும் கம்பெனியில் இன்ஜினீயர். இரண்டு நாள் லீவு போட்டு, படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு பெட்டியை மாட்டியிருந்தாள். உள்ளே, ஒரு போனுக்கு ஒன்றாக இரண்டு சிப்புகள்.

“ஹலோ, கேக்குதா?” என்று அங்கிருந்தே சோதித்தாள்.

“தகர டப்பாக்குள்ள உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு” என்றார் சின்னண்ணன்.

“கிளாக் சரியில்ல. சிப்புக்கு அதுதான் நாடித்துடிப்பு. ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவா ஓடினா குரல் நொறுங்கிடும். ரெண்டுக்கும் ஒரே துடிப்பு குடுக்கணும்.”

“எனக்கும் அவருக்குமா? குடுத்துத்தான் பாரேன்!”

கொடுத்தாள். “இப்போ?”

“அட, காதுகிட்ட நின்னு பேசற மாதிரி இருக்கே!”

மாடியிலிருந்து பெரியண்ணன் எட்டிப் பார்த்தார். “இன்னுமா முடியல?”

“சிப்புல மணி அடிக்க வைக்கிற கால், அந்தப் ‘பின்’ மட்டும்தாண்ணா பாக்கி. அதை ரொம்பப் பார்த்துச் செய்யணும்.”

பத்தே முக்காலுக்குப் பெட்டியின் மூடியைத் திருகி மூடிவிட்டு மாடிக்குப் போனாள். கீழே இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு மேசைமேல் போன் அலறியது.

பெரியண்ணன் போனைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். “அவனா?”

“எடுத்துத்தான் பாரேன்.”

நான்காவது மணியில் எடுத்தார். கீழே இயந்திரச் சத்தம் நின்றிருந்தது.

“ம்... சொல்லு. என்னது, நான் சொல்றதா? சரி... அந்தப் பல் டாக்டர் வந்திருந்தாரு. கார்டைப் பார்த்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? ‘சொத்தைப் பல்லை அடைக்கிறதும் பஞ்சர்தானே, இருந்துட்டுப் போகட்டும்’னாரு!”

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று தங்கை பயந்துவிட்டாள். சிரிப்பு!

அரை மணி நேரம் பேச்சு ஓயவில்லை. “முதுகு வலி எப்படிடா இருக்கு?... தனியா பேப்பர் கட்டைத் தூக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?... ஆமா, நாளைக்கு அந்த ஆள் வர வேணாம்னு நானே சொல்லிடறேன்.”

போனை வைத்தவரின் முகத்தில் வெற்றிப் பெருமிதம். “பார்த்தியா பாப்பா? கடைசில அவன்தான் கூப்பிட்டான். தம்பி தம்பிதான்!”

தங்கை கீழே இறங்கினாள். சின்னண்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“பார்த்தியா பாப்பா? கடைசில அண்ணன்தான் கூப்பிட்டாரு. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்!”

“ஆமாண்ணா” என்றபடி படியேறியவள், திருப்பத்தில் நின்று மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். சரியாகப் பதினொரு மணிக்கு இரண்டு போன்களும் தாமாகவே, ஒன்றாக அடிப்பதற்காக இரண்டு சிப்புகளின் மணிப் பின்களையும் ஒரு டைமரோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒற்றை ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.