தோதுப்படாத ஈரல்

"எல்லோரும் முள்கரண்டியைக் கீழே வையுங்கள்! இந்த ஊர்ச் சரித்திரம் காணாத அறிவிப்பு! என் கல்லீரலில் பாதியை அறுத்து என் தம்பிக்குத் தரப்போகிறேன்!"

வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடியிருந்த ஊரே எழுந்து நின்று கைதட்டியது. பனியில் ஓட்டும் மோட்டார் வண்டிக்காரர்களின் சங்கத் தலைவர் வெர்னன் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். தம்பி டேல் மஞ்சள் பூத்த கண்களைத் துடைத்துக்கொண்டான். ஈரல் கிடைக்காவிட்டால் அவன் கிறிஸ்துமஸைப் பார்க்க முடியாது.

"வலிக்காதா தலைவரே?"

"வலி கிடக்குது! ஈரல் என்ன, கையா காலா? வெட்டினா திரும்ப வளந்துரும்யா. எனக்குள்ள மிச்சமும் வளரும், அவனுக்குள்ள போனதும் வளரும். இதுக்குப் பயந்தா ஆம்பளையா?" அவர் பார்வை டேலை விவாகரத்து செய்த லொரேன் பக்கம் திரும்பியது. "சில பேர் பாதியில விட்டுட்டுப் போவாங்க. நான் பாதியைக் குடுத்துட்டுப் போவேன்!"

லொரேன் உருளைக்கிழங்கு வறுவலை மென்றாள்.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் வெர்னனைத் தனி அறைக்கு அழைத்துப் பேசினார்கள். பிறகு நர்ஸ் வெளியே வந்து குடும்பத்தாரிடம் சொன்னாள்: "மன்னிக்கணும். அவர் உடம்பு தானத்துக்குத் தோதுப்படாது."

வெர்னன் சுவரில் குத்தினார். "படிச்ச முட்டாள்களா! என் ஈரலுக்கு என்னய்யா குறைச்சல்?"

ஊரே அவருக்காகக் கண்ணீர் விட்டது. அந்த வெள்ளிக்கிழமை துக்கம் தாளாமல் அவர் நாலு துண்டு மீன் சாப்பிட்டார்.

ஈரல் கொடுத்தவள் லொரேன். ஏன் என்று கேட்டவர்களிடம், "குடும்பம் நடத்தத்தான் லாயக்கில்லாதவன். அதுக்காகச் சாகணுமா?" என்றாள்.

இருவரும் தேறி வந்ததும் அதே கூடத்தில் விருந்து. டேலின் கண்கள் வெளுத்திருந்தன. எதிரே உட்கார்ந்த வெர்னன் பெருமூச்சு விட்டார்.

"நான் குடுத்திருக்க வேண்டியது. விட்டானுங்களா?"

"எதனால தோதுப்படலையாம்ணே?" என்றான் டேல்.

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கிறானுங்க. ரகசியமாம்!"

லொரேன் வயிற்றுத் தழும்பைப் பிடித்தபடி நிமிர்ந்து, சாஸ் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்னையும் தனியா கூப்பிட்டாங்க வெர்னன். 'பயமா இருந்தா சொல்லிடுங்க. உடம்பு தோதுப்படலைன்னு வெளியில நாங்களே சொல்லிடறோம், காரணம் யாருக்கும் சொல்ல மாட்டோம்'னாங்க."