கலியாண வீட்டு வெடி

ஹோட்டல் வேலைக்கென்று வெளிநாடு போன சுகிர்தன், அங்கே சண்டை தொடங்கிய பிறகு உப்புவெளி வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான்.

“அம்மா, சண்டை நடக்கிற இடம் சரியான தூரம். எனக்குக் குசினியில சமையல் வேலைதான். பச்சை யூனிபோமும் சப்பாத்தும் தந்தவை. பின்னால கேக்கிறது கலியாண வீட்டு வெடி.”

போன கிழமை வந்த பதிவில் அது திருவிழா வெடி.

“நாடெண்டா அதுதான் நாடு. ஒவ்வொரு நாளும் கொண்டாட்டம்,” என்றார் அப்பா தவராசா. “சின்னவனையும் அனுப்புவம்.”

கணவர் கட்டாரில் இருந்த காலத்தில், ஷெல் விழுந்த நாட்களில் கைக்குழந்தை சுகிர்தனோடு ஈச்சிலம்பற்றில் பங்கருக்குள் கிடந்தவள் அம்மா புஸ்பராணி. பதிவை இன்னொரு தரம் கேட்டுவிட்டு, போனை வாயருகே பிடித்தாள்.

“சந்தோசம் மகன். அடுத்த கலியாணத்துக்கு வெடி கொளுத்தேக்க குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைச்சிரு.”