பழி சென்சார் மேல்

திரையில் கோடு படுத்தே கிடந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகை அரைச் சுற்று சுற்றினாள். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள கரி இழை, தட்டிலிருந்த மூளைச் செல்களின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

அந்த இழைதான் சென்சார். செல்கள் துளி டோபமைன் கக்கினால் போதும், இழையில் மின்சாரம் எகிறும், கோடு குன்றாக எழும். மூளையில் அந்த டோபமைன் வற்றிப்போனவர்களுக்குத்தான் கை நடுங்குகிறது, கால் இழுக்கிறது.

நடுக்க நோயாளிகளின் செல்களோடு ஒப்பிட நோயில்லாத ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரின் தோலில் துணுக்கு எடுத்து, மூளைச் செல்லாக மாற்றி, மூன்று மாதம் குழந்தை போல வளர்த்தவை இவை. இது மூன்றாவது தட்டு. முதல் இரண்டும் வாயே திறக்கவில்லை. நோயாளிகளின் செல்களே நேற்று கொஞ்சம் முனகின.

உசுப்பிவிடும் உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டாள். பெரிய குன்றெல்லாம் வேண்டாம், எறும்புப் புற்று அளவுக்கு எழுந்தால் போதும் என்று தட்டிடம் கெஞ்சினாள்.

கோடு அசையவில்லை.

லிஃப்ட் ஓடும் அதிர்வால்தான் கோடு எழவில்லை என்றாள். லிஃப்டை நிறுத்தினார்கள். ஏசியால்தான் என்றாள். அணைத்துவிட்டு எல்லோரும் வேர்த்து வழிந்தார்கள். பக்கத்து மேசைக்காரர் தும்மியதுகூடக் குற்றமாயிற்று. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் போய் நின்றார்.

கடைசியில் பழி சென்சார் மேல் விழுந்தது. அவளே செய்த சென்சார். அதை யாராவது குறை சொன்னால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

"செத்துப்போச்சு சார் இது. சென்சார் கோளாறுன்னே எழுதிடுங்க."

ஆய்வகத் தலைவர் நிதானமான மனிதர். புட்டியிலிருந்து சுத்தமான டோபமைனில் ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் விட்டார்.

கோடு விருட்டென்று எழுந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு அழகான குன்று.

பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

"உன் சென்சார் தங்கம். கோளாறு செல்லுலதாம்மா. தோல் குடுத்தது யாருன்னு பாரு, நல்ல டாக்டரா பாக்கச் சொல்லணும்."

படிவங்கள் அவள் பொறுப்பில்தான் இருந்தன. சரி சார் என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தாள்.

பெற்றோரில் யாருக்காவது நடுக்க நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே, 'இல்லை' என்ற கட்டத்தில் பேனா அழுத்திய அழுத்தலில் தாள் கிழிந்திருந்தது. அப்பாவுக்கு இப்போதெல்லாம் அம்மாதான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள் என்பது படிவத்துக்குத் தெரியாது.

கீழே, தோல் கொடுத்தவர் என்ற இடத்தில், அவளுடைய கையெழுத்து. ஆறு மாதத்துக்கு முன் போட்டது. துளி நடுக்கமில்லை.